எழுத்தெழுத்தாய்த் தோன்றும் உரை

1986 மே மாதம் ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் ‘டிராகன் குவெஸ்ட்’ விளையாட்டை ஃபாமிகாம் கருவிக்காக வெளியிட்டது. அதில் அரசர் வீரனிடம் பேசும்போது அவருடைய சொற்கள் திரையில் ஒரே வீச்சில் வந்து விழவில்லை. ஒவ்வோர் எழுத்தாக, சின்னஞ்சிறு ஒலியோடு, வாசிப்பவரின் கண்முன்னே ஊர்ந்து வந்தன. 64 கிலோபைட் கார்ட்ரிட்ஜில் மனிதக் குரலைப் பதிந்து வைக்க இடம் ஏது? ஒருவர் பேசுகிறார் என்ற உணர்வை அந்தச் சிறு தாமதமே உண்டாக்கியது. கருவிகளின் நினைவகம் இலட்சம் மடங்கு பெருகிய பின்னும் இந்த உத்தி மறையவில்லை. உரையாடல் உள்ள பல விளையாட்டுகளில் இது ஏதோவொரு வடிவில் இருக்கிறது. ரோப்லாக்ஸில் முதன்முதலாக ஸ்கிரிப்ட் எழுதப் பழகும் பள்ளி மாணவரும் சில நாட்களிலேயே இதை முயன்று பார்க்கிறார். டைப்ரைட்டர் எஃபெக்ட், தட்டச்சு விளைவு என்று இதற்குப் பெயர். பத்து வரி நிரலில் முடிந்துவிடும் வேலை போலத் தோன்றும் இந்த விளைவு, கணினியில் உரை என்பது உண்மையில் என்ன என்ற கேள்வியை வேறெந்தப் பயிற்சியைவிடவும் கூர்மையாக நம்முன் வைக்கிறது. இந்த அத்தியாயத்தின் வாதம் ஒன்றுதான்: எழுத்தெழுத்தாய்த் தோன்றவேண்டிய உரையை முதலில் முழுவதுமாகத் திரையில் அடுக்கி முடிக்க வேண்டும், காலத்தைப் பற்றிய யோசனை அதற்குப் பிறகே வரவேண்டும். இரண்டையும் ஒரே படியில் செய்ய முயல்வதிலிருந்துதான் இந்த விளைவின் கோளாறுகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

கற்பவர் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி எளியது. முழு வாக்கியத்தையும் ஒரு மாறியில் வைத்துக்கொள்வது, ஒரு லூப்பில் ஒன்று முதல் வாக்கியத்தின் நீளம் வரை எண்ணிக்கொண்டே போவது, ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண் வரையிலான முன்பகுதியை வெட்டி எழுத்துப்பெட்டிக்குக் கொடுப்பது, சற்றே காத்திருப்பது. அலங்காரம் எதுவும் இல்லாத ஆங்கில வாக்கியத்துக்கு இது குறையின்றி ஓடுவதாகவே தெரியும். ஆனால் எழுத்தாளர் ஒரு சொல்லைத் தடித்துக் காட்ட விரும்பும் கணத்தில் கதை மாறிவிடுகிறது. ரோப்லாக்ஸ் உட்படப் பல எஞ்சின்களில், தடிப்பு, சாய்வு, நிறம் ஆகியவற்றை உரைக்குள்ளேயே கோணக்குறிகளுக்கு இடையில் குறிச்சொற்களாக எழுதுகிறோம். வசதிக்காக அவற்றைத் தமிழில் எழுதிப் பார்ப்போம்: ‘அந்த <தடி>வாளை</தடி> எடு’. முன்பகுதியை மட்டும் வெட்டிக் கொடுக்கும் நிரல், ‘அந்த’ என்ற சொல்லுக்குப் பின் ஒரு கோணக்குறியைக் காட்டும், அடுத்து ‘<த’, அடுத்து ‘<தடி’. திறந்த குறிச்சொல் மூடப்படாதவரை அது செல்லாத குறிச்சொல். ஆகவே ரோப்லாக்ஸ் அதை அலங்காரமாக ஏற்காமல் வெறும் எழுத்தாகவே அச்சிடும். மூடும் குறி வந்து சேர்ந்த நொடியில் அத்தனை குப்பையும் மறைந்து, சொல் திடீரெனத் தடிக்கும். சிவப்பு நிறத்தைக் குறிக்கும் வழக்கமான குறிச்சொல் ரோப்லாக்ஸில் 27 குறிகள் நீளம். வினாடிக்கு 30 குறி என்ற வேகத்தில், ஏறத்தாழ ஒரு வினாடி முழுவதும் விளையாடுபவர் பார்ப்பது நிரலாளரின் சமையலறையைத்தான்.

இதற்கு ஓர் ஒட்டுவேலை உண்டு. அனுபவம் மிக்க பலர் அதையே செய்துவந்திருக்கிறார்கள். உரையை வலம்வரும்போது கோணக்குறி தென்பட்டால் குறிச்சொல் முழுவதையும் ஒரே தாவலில் கடப்பது, திறந்த குறிச்சொற்களை ஓர் அடுக்கில் சேர்த்து வைப்பது, ஒவ்வொரு வெட்டின் முடிவிலும் அடுக்கின் மேலிருந்து கீழாக அவற்றை மூடி எழுதுவது. இது வேலை செய்யும். கோணக்குறியையே உரையில் காட்ட வேண்டிவரும்போது, அதற்கு மாற்றாக எழுதப்படும் நான்கு குறித் தொடரையும் ஒற்றை எழுத்தாகக் கருத வேண்டும், அதையும் சேர்த்துவிடலாம். இவ்வளவு செய்த பிறகும் மிஞ்சி நிற்கும் கோளாறுதான் கவனிக்கத்தக்கது. வரியின் கடைசியில் இடம் குறைவாக இருக்கும்போது ஒரு நீண்ட சொல் அங்கே தோன்றத் தொடங்குகிறது. பாதிச் சொல் வந்ததும் வரி நிரம்பிவிடுகிறது. உடனே எஞ்சின் அந்தச் சொல் முழுவதையும் அடுத்த வரிக்குத் தூக்கிப்போடுகிறது. வாசித்துக்கொண்டிருந்த கண் வெற்றிடத்தில் நிற்கிறது. ஒட்டிக்கொண்டே வளரும் தமிழ்ச் சொற்களுக்கு இது இன்னும் கொடுமை. ‘ஓடிக்கொண்டிருந்தவர்களுக்காக’ என்ற ஒரு சொல்லில் 16 எழுத்துகள் உள்ளன. அதில் பன்னிரண்டு வந்தபின் தாவினால் எந்த வாசகரும் தடுமாறுவார். உரையை நடுவில் நிறுத்திக் காட்டும் பெட்டியாக இருந்தால், ஒவ்வோர் எழுத்து சேரும்போதும் வரி முழுவதுமே அரை எழுத்து அளவு இடப்பக்கம் நகரும். பெட்டியின் அளவுக்கேற்ப எழுத்தின் பருமனைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதி இயக்கத்தில் இருந்தால் நிலைமை கேலிக்கூத்தாகிவிடும்: முதல் எழுத்து பெட்டியையே நிரப்பும் அளவுக்குப் பெரிதாக வந்து, உரை வளர வளரச் சுருங்கிக்கொண்டே போகும்.

குறிச்சொல் பிளவுபடுவதும், சொல் அடுத்த வரிக்குத் தாவுவதும், எழுத்து சுருங்குவதும் வெவ்வேறு நோய்களாகத் தோன்றினாலும் மூலம் ஒன்றே. ஓர் எழுத்து திரையில் எங்கே, எந்த வடிவில், எந்த அளவில் அமரும் என்பதை அதற்கு முன் வந்த எழுத்துகள் மட்டும் தீர்மானிப்பதில்லை. பின்னால் வரவிருப்பவையும் தீர்மானிக்கின்றன. சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல் வரியை உடைக்க முடியாது. மூடும் குறி எங்கே என்று தெரியாமல் தடிப்பு எதுவரை என்று சொல்ல முடியாது. ஆகவே முன்பகுதியை மட்டும் எஞ்சினுக்குக் கொடுத்து, முழுமையின் ஒரு பகுதி எப்படித் தெரியும் என்று கேட்பது விடை இல்லாத கேள்வி. முழு உரையையும் கொடுத்து, வரிகளை உடைத்து, நிறம் தீட்டி, எழுத்துகளை அவற்றின் இறுதி இடத்தில் அமர வைத்துவிட்டு, பிறகு முதல் பத்தை மட்டும் காட்டு, முதல் பதினொன்றை மட்டும் காட்டு என்று சொல்வதே பொருளுள்ள கேள்வி. எழுதி முடித்த சுவர் விளம்பரத்தின் மேல் ஒட்டிய தாளை மெல்ல விலக்குவதைப் போன்றது இது. எழுத்துகள் ஏற்கெனவே தத்தம் இடத்தில் இருக்கின்றன.

முக்கிய எஞ்சின்கள் இந்த முடிவுக்கு வந்து சேர்ந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. ரோப்லாக்ஸின் எழுத்துப்பெட்டிக்கு ‘மேக்ஸ் விசிபிள் கிராஃபீம்ஸ்’ என்றொரு பண்பு உண்டு. அதன் தொடக்க மதிப்பு கழித்தல் ஒன்று. வரம்பு இல்லை, எல்லாவற்றையும் காட்டு என்பது அதன் பொருள். பூச்சியம் கொடுத்தால் எதுவும் தெரியாது. குறிச்சொற்கள் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. யூனிட்டியின் டெக்ஸ்ட்மெஷ் புரோவில் காட்டவேண்டிய எழுத்துகளின் உச்ச எண்ணிக்கையைச் சொல்லும் பண்பு இருக்கிறது. கோடோவிலும் அதே நோக்கத்துடன் ஒன்று இருக்கிறது. நிரல் இப்போது உரையைத் தொடுவதே இல்லை. ஓர் எண்ணை மட்டும் உயர்த்துகிறது. கணக்கிலும் இலாபம்தான். 200 எழுத்து வசனம் ஒன்றை வெட்டி வெட்டிக் கொடுத்தால், எஞ்சின் முதலில் 1 எழுத்தை அடுக்குகிறது, பிறகு 2, பிறகு 3 என்று 200 வரை. மொத்தம் 20,100 எழுத்துகளை அடுக்கி எடுத்த வேலை. அடுக்கிவிட்டுத் திறந்தால் 200 எழுத்துகளோடு முடிந்தது.

ஆனால் பழைய விளையாட்டுகள் எழுத்தெழுத்தாகத்தானே எழுதின, அவற்றில் ஏன் இந்தத் தாவல் இல்லை என்று ஒருவர் கேட்கலாம். அவற்றிலும் அடுக்குதல் முதலில்தான் நடந்தது. அதைச் செய்தது மனிதர். ஃபாமிகாமின் திரை 8×8 புள்ளிச் சதுரங்களால் ஆனது. எழுத்துகள் எல்லாம் ஒரே அகலம். ஒரு வரியில் எத்தனை எழுத்து கொள்ளும் என்பது வசனம் எழுதும்போதே தெரியும். வரி எங்கே உடைய வேண்டும் என்பதை எழுத்தாளரே தீர்மானித்து, அதற்கான கட்டுப்பாட்டுக் குறியை உரைக்குள் பதித்துவிட்டார். விளையாடுபவர் சூட்டும் வீரனின் பெயரைக்கூட டிராகன் குவெஸ்ட் நான்கு எழுத்துக்குள் அடக்கியது. அதனால் பெயர் எதுவானாலும் வரி பிதுங்காது. அகலம் மாறும் எழுத்துருக்களும், எந்த அளவிலும் திறக்கக்கூடிய திரைகளும், ஒரே நேரத்தில் பத்து மொழிகளில் வெளியாகும் விளையாட்டுகளும் வந்தபின் அந்தக் கைவேலை சாத்தியமற்றுப் போனது. வேலையின் வரிசை மாறவில்லை. அதைச் செய்யும் பொறுப்பு எழுத்தாளரிடமிருந்து எஞ்சினுக்குப் போயிருக்கிறது.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. குறிச்சொல்லே இல்லாத, ஒரே வரிக்குள் அடங்கும் உரையாக இருந்தால் வெட்டிக் காட்டுவதில் என்ன கெட்டுப்போகும்? ஆங்கிலத்தில் பெரும்பாலும் எதுவும் கெடாது. அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு காலம் பிழைத்திருக்கிறது. தமிழில் கெடும். ரோப்லாக்ஸின் ஸ்கிரிப்ட் மொழியான லுவாவ், ஒரு சரத்தின் நீளம் என்று சொல்வது பைட்டுகளின் எண்ணிக்கையை. யூடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பைட். யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் உள்ள ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட். ‘தமிழ்’ என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடுக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியெண்கள். நினைவகத்தில் 15 பைட்டுகள். பைட் பைட்டாக வெட்டும் நிரல், 15 படிகளில் பத்துமுறை உடைந்த துணுக்கைத் திரைக்கு அனுப்புகிறது. அங்கே கட்டமோ, கேள்விக்குறியோ, வெற்றிடமோ மின்னி மறையும். அந்த மின்னலைக் கவனிக்காமல் விட்டாலும், அதே வேக எண்ணில் ஆங்கில உரையைவிடத் தமிழ் உரை பன்மடங்கு மெதுவாக ஊர்வதை எவரும் கவனிப்பார்.

பைட்டுக்குப் பதிலாகக் குறியெண் குறியெண்ணாக நகர்ந்தால் உடைந்த துணுக்குகள் போய்விடும்; ஆனால் தமிழ் இன்னும் சரியாக வராது. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோட் அதைச் சேமிக்கும் வரிசையில் முதலில் ககரம், அடுத்து ஒகரக் குறி. ஆகவே முதல் படியில் திரையில் ‘க’ தோன்றும். அடுத்த படியில் அதற்கு இடப்புறம் ஒற்றைக் கொம்பும் வலப்புறம் காலும் முளைக்க, ஏற்கெனவே நின்ற ககரம் வலப்பக்கம் தள்ளப்படும். பெயரில் மட்டும் இது தட்டச்சு விளைவு. உண்மையான தட்டச்சுப் பொறி இப்படி நடந்ததே இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியின் வழிவந்த இயந்திரங்களில் ‘கொ’ அடிக்க வேண்டுமானால் முதலில் கொம்பு, பிறகு ககரம், பிறகு கால். கண்ணில் படும் இட வரிசையே விரல் அடிக்கும் வரிசை. புள்ளி போன்ற குறிகளுக்குத் தாள் நகராத விசைகள் இருந்தன. தாளில் விழுந்த மை எதுவும் அடுத்த விசைக்காக இடம் பெயரவில்லை, பெயரவும் முடியாது. அந்த அசையாமைதான் தட்டச்சின் இயல்பு. எழுத்துகளை இறுதி இடத்தில் அமர்த்திவிட்டுத் திறக்கும் முறையே அந்த இயல்புக்கு உண்மையாக இருக்கிறது.

இடம் தவறுவதோடு இந்தப் பிழை நிற்பதில்லை, காலமும் தவறுகிறது. எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது அதுதான். தொல்காப்பியம் முதலாகத் தமிழ் இலக்கணம் எழுத்துகளின் ஒலிப்பு நேரத்தை மாத்திரையால் அளந்து வந்திருக்கிறது: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. குறியெண்களை எண்ணி நகரும் நிரல் இந்தக் கணக்கை ஏறக்குறையத் தலைகீழாக்குகிறது. அகரமேறிய ககரம் ஒரு குறியெண், ஆகவே ஒரு துடிப்பு. புள்ளி வைத்த ‘க்’ இரண்டு குறியெண், ஆகவே இரண்டு துடிப்பு. ஒலிப்பில் பாதியாக இருக்க வேண்டியதற்கு இரட்டிப்பு நேரம். தனித்து நிற்கும் ‘ஆ’ ஒரே குறியெண் என்பதால், இரண்டு மாத்திரைக்குரிய நெடில் ஒரே துடிப்பில் ஓடிப்போகிறது. ‘அம்மா’ என்ற சொல்லில் ‘அ’ ஒரு துடிப்பு, ‘ம்’ இரண்டு, ‘மா’ இரண்டு. எழுத்துக்கு ஓர் ஒலி என்று அமைத்த விளையாட்டில் இது காதுக்குக் கேட்கும் விக்கலாக மாறும். தமிழ் உரையாடலை எழுத்து வாரியாக எண்ணினால் இந்த விக்கல் நீங்கும். அதற்கும் மேலே போய், மெய்யெழுத்துக்கு அரைத் துடிப்பும் நெடிலுக்கு ஒன்றரையோ இரண்டோ துடிப்பும் கொடுத்துப் பார்க்கும் துணிவு ஒரு தமிழ் விளையாட்டு வடிவமைப்பாளருக்கு வரவேண்டும் என்று விரும்புகிறேன். நடிகர் குரல் இல்லாமலே பேச்சின் நடையைத் திரையில் கொண்டுவர நம் இலக்கணம் ஆயத்தமாக ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. ஆங்கில விளையாட்டுகளுக்கு இப்படியொரு வசதி இல்லை.

எழுத்து வாரியாக எண்ணுவது என்றால் எதை ஓர் எழுத்து என்பது? யூனிகோட் அமைப்பின் 29ஆம் பின்னிணைப்பு இதற்கு விதிகளை வகுத்திருக்கிறது. பயனர் ஒன்று என உணரும் அலகுக்கு அது கிராஃபீம் தொகுதி என்று பெயரிடுகிறது. விளக்க அட்டவணையில் அது காட்டும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று நம் ‘நி’. பெரும்பாலான தமிழ் எழுத்துகளுக்கு இந்த விதி நம் எண்ணத்தோடு அப்படியே பொருந்துகிறது. ரோப்லாக்ஸின் பண்பு கிராஃபீம்களை எண்ணுவதும், லுவாவில் கிராஃபீம் வாரியாக நடந்துசெல்லத் தனியொரு செயற்கூறு இருப்பதும் இதனால்தான் மதிப்புள்ளவை. இருந்தாலும் ஒரு மூலையில் இடறல் உண்டு. ‘க்ஷ’ என்பதை நாம் ஒற்றை வடிவமாகக் காண்கிறோம்; விதியோ ‘க்’ ஒன்று, ‘ஷ’ ஒன்று என இரண்டாக எண்ணுகிறது. ‘ஸ்ரீ’ எழுத்தும் அப்படித்தான். 2023இல் வெளிவந்த யூனிகோட் 15.1, தேவநாகரி, வங்காளம், குஜராத்தி, ஒடியா, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றின் கூட்டெழுத்துகளை ஒரே அலகாக எண்ணும் விதியைச் சேர்த்தது. தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. புள்ளி வெளிப்படையாக நிற்கும் எழுத்துமுறைக்கு அது பொதுவில் தேவைப்படாது என்பது நியாயமே. ஆனால் விதிவிலக்கான இந்த வடிவங்கள் நடுவழியில் நின்றுவிடுகின்றன. தமிழ் உரையைத் திறக்கும் நிரல், ககரப் புள்ளிக்குப் பின் ஷகரமோ, ஸகரப் புள்ளிக்குப் பின் ரீகாரமோ வந்தால் இரண்டு படிகளை ஒன்றாகக் கடக்க வேண்டும். சில வரி நிரல்தான். எழுதாவிட்டால் ‘பரீக்ஷை’ என்ற சொல் ஒரு கணம் பாதி வெட்டுண்டு நிற்கும்.

இதுவரை சொன்னது வடிவத்தைப் பற்றிய குறிச்சொற்களை. விளையாட்டு வசனங்களில் இன்னொரு வகைக் குறிச்சொல்லும் இருக்கிறது. அது காலத்தைப் பற்றியது. இங்கே அரை வினாடி நில், இங்கிருந்து மெதுவாகப் பேசு, இந்த எழுத்து வரும்போது திரையை உலுக்கு. 2004இல் முதன்முதலாக வெளியான ரென்பை என்ற கதைவிளையாட்டு எஞ்சின் இத்தகைய குறிச்சொற்களை நெளிவு அடைப்புக்குள் வைக்கிறது. காத்திருக்க ஒன்று, வினாடிக்கு எத்தனை எழுத்து என்று மாற்ற இன்னொன்று. இந்த இரண்டு வகைகளையும் ஒன்றாகக் கையாளுவது அடுத்த பெரும் குழப்பம். தடிப்பும் நிறமும் எழுத்து எங்கே, எப்படி அமர்கிறது என்பதற்குரியவை. அவை அடுக்கும் எஞ்சினுக்குப் போக வேண்டும். நிறுத்தமும் வேகமும் எப்போது என்பதற்குரியவை. எஞ்சின் அவற்றைக் காணவே கூடாது. ஆகவே உரை திரைக்குப் போகுமுன் ஒருமுறை அதை முழுவதும் படித்து, காலக் குறிச்சொற்களைப் பிரித்தெடுத்து, ‘பதினான்காம் எழுத்துக்குப் பின் அரை வினாடி’ என்பதுபோன்ற தனி அட்டவணையாக மாற்றிக்கொள்ள வேண்டும். எண்ணும்போது வடிவக் குறிச்சொற்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் எழுத்துகளை மட்டுமே எண்ண வேண்டும். வீரனின் பெயர் போன்ற மாறும் பகுதிகளை இந்தப் படிப்புக்கு முன்பே உரைக்குள் நிரப்பிவிட வேண்டும். இல்லையென்றால் நான்கெழுத்துப் பெயருக்கு ஒத்துவந்த அட்டவணை ஒன்பதெழுத்துப் பெயருக்குத் தவறும். பெயரிலேயே ஒருவர் கோணக்குறியைத் தட்டியிருந்தால் அதை நிரப்பும்போதே மாற்றுத்தொடராக்கிவிட வேண்டும் என்பதும் இங்கே நினைவிருக்கட்டும்.

இந்த அட்டவணையை நேரடியாகவே நிரலில் எழுதிவிடலாமே, உரைக்குள் குறிச்சொல் எதற்கு என்று சிலர் சொல்வதுண்டு. ஒரே மொழியில், ஒரே ஒருவர் எழுதும் சிறு விளையாட்டுக்கு அது சரி. மொழிபெயர்ப்பு வந்ததும் அது சரிந்துவிடுகிறது. ஆங்கில வாக்கியத்தில் பதினான்காம் எழுத்துக்குப் பின் வரும் தயக்கம், தமிழ் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போவதால் முற்றிலும் வேறிடத்தில் வரவேண்டும். அதை எங்கே வைப்பது என்று தெரிந்தவர் மொழிபெயர்ப்பாளர். அவர் கையில் இருப்பது உரை மட்டுமே. நிறுத்தற்குறிகளைப் பார்த்துத் தானாக நிறுத்துவது நல்ல தொடக்கம்தான்: காற்புள்ளிக்குச் சிறிய நிறுத்தம், முற்றுப்புள்ளிக்குப் பெரியது. ஆனால் ‘3.14’ என்ற எண்ணின் நடுவிலும் ‘திரு.’ என்ற சுருக்கத்துக்குப் பின்னும் அந்த நிரல் மூச்சு வாங்கி நிற்கும். எழுத்தாளரின் குறிச்சொல் தானியங்கி விதியை வெல்லும்படி அமைப்பதே முறை. இந்த நுட்பம் கதைக்கு எவ்வளவு பயன்தரும் என்பதற்கு 2015இல் டோபி ஃபாக்ஸ் வெளியிட்ட ‘அண்டர்டேல்’ நல்ல சான்று. அதில் முக்கியப் பாத்திரங்களுக்குத் தனித்தனி எழுத்தொலி உண்டு. பேசும் வேகமும் தயக்கமும் குணச்சித்திரத்தின் பகுதிகள். 2001இல் கேப்காம் தொடங்கிய ‘ஏஸ் அட்டர்னி’ வழக்காடு விளையாட்டிலும், நீதிமன்றத்தில் ஒருவர் தடுமாறுவதை எழுத்துகள் வரும் வேகத்திலேயே உணரலாம்.

காலத்தைத் தனியே பிரித்த பிறகு கடிகாரத்தையும் நேர்மையாக வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் எழுத்து காட்டு, 25 மில்லிவினாடி காத்திரு, அடுத்தது காட்டு என்று எழுதினால் வினாடிக்கு 40 எழுத்து வரும் என்று எதிர்பார்ப்போம். வராது. விளையாட்டு எஞ்சின் ஃபிரேம் எல்லையில்தான் ஸ்கிரிப்டை எழுப்பும். வினாடிக்கு 60 ஃபிரேம் ஓடும் கருவியில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிவினாடி, 25 கடந்த முதல் எல்லை 33.3. ஆகவே கிடைப்பது வினாடிக்கு 30 எழுத்து. 144 ஃபிரேம் ஓடும் விலையுயர்ந்த திரையில் அது 36 ஆகும். 20 ஃபிரேமுக்கு இறங்கிவிடும் எளிய கைபேசியில் 20 ஆகும். 3 வினாடியில் முடிய வேண்டிய 120 எழுத்து வசனம் முதல் கருவியில் 4 வினாடி, கடைசிக் கருவியில் 6 வினாடி இழுக்கும். ஏழை விளையாட்டாளர் மெதுவான கதையைப் படிக்க நேர்வது கலைஞரின் தேர்வு அன்று, ஒரு வட்டமாக்கல் பிழை. வசனம் தொடங்கிய கணத்தைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஃபிரேமிலும் கழிந்த நேரத்தைக் கொண்டு இந்நேரம் எத்தனை எழுத்து தெரிய வேண்டும் என்று கணக்கிட்டால் இந்தப் பிழை எழாது. சில ஃபிரேமில் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும், சிலவற்றில் எதுவும் வராது. மொத்த நேரம் எல்லாக் கருவிகளிலும் ஒன்றாக இருக்கும். எண்ணை மட்டும் மாற்றும் முறையில் இது ஒரே வரி.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒரு மறுப்பு மிச்சம் இருக்கிறது: மனிதர் எழுத்தெழுத்தாக வாசிப்பதில்லை, பிறகு எதற்கு இந்த விளைவே? கண் ஓர் இடத்தில் கால் வினாடி அளவு நின்று, சில எழுத்துகளைத் தாண்டி, மீண்டும் நிற்கிறது என்பது வாசிப்பு ஆய்வுகள் நிறுவிய செய்தி. 2019இல் கென்ட் பல்கலைக்கழகத்தின் மார்க் பிரைஸ்பேர்ட் 190 ஆய்வுகளைத் தொகுத்து, வளர்ந்தவர்கள் ஆங்கிலத்தில் புனைவல்லாத உரையை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று கணித்தார். இடைவெளியையும் சேர்த்துச் சொல்லுக்கு ஆறு குறிகள் என்று கொண்டால் அது வினாடிக்கு ஏறத்தாழ 24 குறிகள். அதைவிட மெதுவாக வரும் உரை வாசகரைக் காக்க வைக்கிறது என்பது உண்மை. சராசரிக்கு மேல் வாசிப்பவருக்கு 30கூட எரிச்சல்தான். ஆகவே இந்த மறுப்பை முழுவதுமாகத் தள்ளிவிட முடியாது. அதற்குத் தரக்கூடிய பதில், வேகத்தை வாசகர் கையில் கொடுப்பதே. ரென்பையில் விளையாடுபவர் வேகத்தைத் தாமே அமைத்துக்கொள்ளலாம். பூச்சியம் என்றால் உரை முழுவதும் உடனே வரும். வேறு எதுவும் செய்யாவிட்டாலும், ஒரு விசையைத் தட்டினால் வசனம் முழுவதும் தெரிய வேண்டும். அடுக்கிவிட்டுத் திறக்கும் முறையில் அதற்கு எண்ணைக் கழித்தல் ஒன்றாக்கினால் போதும். எந்த வரியும் இடம் மாறாது, வாசித்துக்கொண்டிருந்த கண் விட்ட இடத்திலேயே தொடரும். உரையைக் குரலாக்கிக் கேட்பவர்களுக்கும் இது நன்மை: பெட்டியில் முழு வாக்கியமும் தொடக்கத்திலிருந்தே இருப்பதால், வளர்ந்துகொண்டே போகும் துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் நிலை நேராது.

வெட்டிக் காட்டும் முறைக்கு உரிய இடம் ஒன்று உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். கதைக்குள் ஒரு கணினித் திரை இருந்து, அதில் ஒருவர் தட்டச்சு செய்வதைக் காட்ட வேண்டுமானால், எழுத்து மாறுவதும் சொல் அடுத்த வரிக்குத் தாவுவதும் அங்கே உண்மையாகவே நடப்பவை. கோடோ எஞ்சின் இந்த வேறுபாட்டை வெளிப்படையாக ஏற்று, எழுத்துவடிவங்களை அமைப்பதற்கு முன்பே உரையை வெட்டுவதா, அமைத்த பிறகு மறைப்பதா என்று நிரலாளரிடமே தேர்வை விடுகிறது. முன்னது உரையைத் தட்டச்சு செய்வதுபோலவே தெரியும் என்று அதன் ஆவணமே சொல்கிறது. அடுத்து வரும் எழுத்தைப் பொறுத்து வடிவம் மாறும் அரபிக்கு இந்தத் தேர்வு கண்கூடான வேறுபாட்டைத் தரும்: வெட்டினால் ஒவ்வோர் எழுத்தும் முதலில் சொல்லிறுதி வடிவில் வந்து, அடுத்தது சேர்ந்ததும் இடைவடிவுக்கு மாறும், மறைத்துத் திறந்தால் முதலிலிருந்தே சரியான வடிவில் வரும். ஒரு பாத்திரம் வாய்திறந்து பேசும் உரைக்கு இரண்டாவதே பொருத்தம், ஏனென்றால் பேசுபவர் தம் சொல் எப்படி முடியும் என்பதை அறிந்தே தொடங்குகிறார்.

விசையைத் தட்டி உரையை முழுதாகத் திறக்கும்போது காலக் குறிச்சொற்களின் அட்டவணை என்னவாக வேண்டும் என்பது பலரும் கடைசியில் சந்திக்கும் சிக்கல். நிறுத்தங்களையும் வேக மாற்றங்களையும் எறிந்துவிடலாம், அவை தோற்றத்துக்கானவை. ஆனால் அதே அட்டவணையில் கதவைத் திறக்கும் கட்டளையோ, வீரனின் பைக்குள் சாவியைச் சேர்க்கும் கட்டளையோ இருந்தால் அதை எறிந்துவிட முடியாது. இன்னும் நடக்காமல் மிஞ்சியிருப்பவை எல்லாம் வரிசை பிறழாமல், அதே ஃபிரேமில், ஒவ்வொன்றும் ஒரே ஒருமுறை நடந்தாக வேண்டும். எனவே அட்டவணையை உருவாக்கும் முதல் வாசிப்பிலேயே ஒவ்வொரு குறிச்சொல்லும் தவிர்க்கத்தக்கதா, கட்டாயமானதா என்று குறித்து வைத்துவிட வேண்டும். பொறுமையிழந்த விளையாட்டாளர் வசனத்தின் இரண்டாம் எழுத்திலேயே விசையைத் தட்டினாலும் சாவி அவர் பையில் இருக்கும்.